மேட்டூர்: கேட்டதும் சொன்னதும்

மேட்டூர் அணையில் தண்ணீர் குறைந்தால் சந்தோஷப்படுகிறவர் யாராவது உண்டா?
(வாசகர், ஈரோடு)

உண்டு. பண்ணவாடி நந்தி! அவர் மூச்சு விடுவதே அப்போதுதான். நீர் இறங்க இறங்க, முதலில் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் தெரியும். பிறகு ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியின் தலை. அணைக்காக ஊரைக் காலி செய்தவர்கள் விட்டுப்போன கோயிலும் ஆலயமும் அவை. இன்னும் வற்றினால், காய்ந்த நீர்த்தேக்கத்தில் ஏர் ஓட்டிக் கம்பும் கடலையும் போடுவார்கள். தண்ணீர் எப்போது ஏறுமோ என்ற பயத்தோடு செய்கிற வெள்ளாமை. அவர்களுக்காகவும் கொஞ்சம் கவலைப்படுங்கள்.

ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்கிறார்களே, ஸ்டான்லிதான் கட்டினாரா?
(வாசகி, சேலம்)

அவர் கவர்னர். 1925-ல் தொடங்கிய வேலை 1934-ல் முடிந்தபோது பதவியில் இருந்தார், பெயர் கிடைத்தது. வீட்டையும் நிலத்தையும் கொடுத்தவர்களின் பெயர்களை எங்கே பொறித்திருக்கிறார்கள்?

டெல்டாவுக்கு மேட்டூர் கொடுத்தது என்ன, எடுத்தது என்ன?
(வாசகர், பட்டுக்கோட்டை)

உங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் புது ஆறு, கொடுத்தது. வண்டல், எடுத்தது. 120 அடி வரை தண்ணீர் தேங்கும் இடத்தில், ஆறு கொண்டுவரும் வண்டலும் அடியில் படிந்துவிடுகிறது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது கட்டியபோது போட்ட கணக்கு. தூர்வாரும் வேலை தொடங்கியதோ 2017-ல், 83 வருடம் கழித்து!