பேடுக்கும் கேமுக்கும் நடுவுல ஒரு தரகன்

வாடா பேராண்டி! திண்டிவனத்துல மல்லாட்ட போட்ட காசுல விழுப்புரம் போயி கேம்பேடு வாங்கியாந்துட்டியாமே. உங்கப்பன் வரப்புல உக்காந்து பொலம்பறான். நீயும் விடியவிடிய பொத்தான அமுக்கற, கேமுக்குள்ள நிக்கறவன் அசைவனாங்கறான்!

பேடு மேல குத்தமில்லடா. அந்தப் பழைய கேமு கீபோர்டு பேச்சத்தான் கேக்கும். நடுவுல தரகன வையி. மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள வெரலப் புடிச்சா, அத வெலயா மாத்தி அடுத்தவங்கிட்ட சொல்லுவானே, அதே வேலதான். விண்டோஸுக்கு ஜாய்டுகீன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குது. ஆண்டிமைக்ரோஎக்ஸ் காசில்லாமலே கெடைக்குது, லினக்ஸ்லயும் ஓடும். 2011-லருந்து கவர்மெண்டு குடுத்த லேப்டாப்புல பாஸ் லினக்ஸ் இருந்துதே, உங்க அத்த வூட்டு பரண்ல இன்னும் ஒண்ணு தூசி தின்னுகினு கெடக்குது. அந்த பாஸ் லினக்ஸ்ல போயி ஜாய்டுகீ தேடாத, ஜாய்டுகீ விண்டோஸோட சரி.

பேடுல இருக்கற குச்சிக்கு நாலு அம்புக்குறி, குதிக்கற பொத்தானுக்கு ஸ்பேஸ் பார், ஸ்டார்ட்டுக்கு எஸ்கேப்புன்னு ஒண்ணொண்ணா கட்டு. கேமுக்கு ஒரு ப்ரொஃபைல் சேமிச்சி வையி. இல்லன்னா சண்ட கேமுக்குக் கட்டினத கார் கேமுல அமுக்கிட்டு எங்கிட்ட வந்து அழுவ.

தரகனுக்கு அரகொறப் பேச்சு வராது, பாத்துக்க. குச்சிய லேசா சாச்சாலும் முழுசா சாச்சாலும், "கீய அமுக்கிட்டான்"னுதான் போயி சொல்லுவான். நீ காரை நைசா ஒடிக்கலாம்னு நெனப்ப, அது கம்பத்துல போயி சொருவும். கைய எடுத்தாலும் ஆளு தானா நடக்கறானா? மலிவா வாங்கின பேடு அப்பிடித்தான், குச்சி லேசா ஆடினா கண்டுக்காம வுடற டெட் சோன கொஞ்சம் ஏத்தி வுடு. ஒரு தபா அமுக்கினா ரெண்டு தபா குதிக்கறானா? கேமுக்கே பேடு பாஷை தெரியுது, தரகன அனுப்பிடு. கேம அட்மினிஸ்ட்ரேட்டரா தொறந்தா தரகனையும் அப்பிடியே தொறக்கணும், இல்லன்னா வாசல்லயே நிப்பான்.

ஜாய்டுகீல ஆட்டோ ஃபயர்னு ஒரு வித்த இருக்குது. ஒரு தபா அமுக்கிப் புடிச்சா அதும்பாட்டுக்கு சுட்டுகினே இருக்கும். வூட்டோட வெச்சிக்க. ஆன்லைன் போட்டியில காட்டினா, திருட்டாட்டம்னு அக்கவுண்ட முடக்கினாலும் முடக்கிடுவான்.

இன்னொண்ணு. இந்தத் தரகன் கேமுக்குன்னு மட்டும் பொறந்தவன் இல்ல. ஒரு பொத்தானுக்கு பேஜ் டவுனு கட்டினா, கயித்துக் கட்டில்ல படுத்தவாக்குல கணக்குப் பாட பிடிஎஃப்ப பொரட்டலாம். நம்ம தெருவுல இத்தினி பேடு இருக்குது, அந்த ஒரு பொத்தான மட்டும் ஒரு பயலும் இன்னும் கட்டல.