கேசிங் எறங்காத பல்லு

வா மாப்ள, திண்ணையில உக்காரு. வாயத் தொற, பாக்கலாம். அட, போன தையில வெச்ச டெம்பரரி கேப்பு இன்னும் அங்கதான் இருக்குதா! மூணு வாரத்துல வரச் சொன்னாங்க டாக்டரம்மா. நீ ரிக் வண்டியோட ராய்ச்சூர் போனவன், ஒடிசா வரைக்கும் தொளை போட்டுட்டு மார்கழி பொறக்கறப்ப வந்து நிக்கற. ஸ்டெப்னியிலயே ஊர் சுத்தறதுக்கு உன்னாட்ட ஒரு ஆளு நாமக்கல் லாரிப்பேட்டையிலயும் கெடையாது.

நெறங்கூடப் பொருந்திப்போச்சு, பாரு. வெச்சப்ப டியூப்லைட்டாட்ட இருந்துச்சு. நம்ம பக்கத்துப் போர்த்தண்ணியில புளோரைடு சாஸ்தி, அதக் குடிச்சு வளந்த பல்லு காவியேறித்தான் கெடக்கும். இப்பக் கேப்பும் டீயையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கிட்டு பங்காளியாயிருச்சு.

"கெட்டியாத்தான இருக்குது மாமா"ங்கற. இருக்கட்டும். அது அக்ரிலிக்கு, தெரியுமில்ல? பொடியில மருந்த ஊத்திக் கொழைச்சு, மூக்கத் தொளைக்கற வாசத்தோட அமுக்கினாங்களே, அதுதான். என்ற கண்ணுல பொரை எடுத்துப்போட்டு வெச்ச லென்ஸும் அதே வகையறாதான். சண்டையில ப்ளேன் ஓட்டினவங்க கண்ணுக்குள்ள அதே அக்ரிலிக்குல செஞ்ச கூண்டுக் கண்ணாடித் துண்டு தெறிச்சு, சீழ் புடிக்காமக் கெடந்துச்சாம். அதப் பாத்துட்டுத்தான் 1949ல லண்டன்ல ஹெரால்ட் ரிட்லினு ஒரு டாக்டரு மொதமொத லென்ஸு வெச்சாராம். என்றது இருவது வருசமா அசையல. ஆனா மாப்ள, நான் கண்ணுல கடலை மெல்லறதில்ல.

உன்ற தொழில்லயே சொல்றேன். கேசிங் பைப்ப எதுவரைக்கும் எறக்குவ? கல்லு தட்டற வரைக்கும். ஒரு வெரக்கடை மேல நின்னாலும் மேமண்ணு கரைஞ்சு உள்ள எறங்காது? கேப்புக்கும் ஓரந்தான் உசுரு. அந்த அக்ரிலிக்கு இறுகறப்பவே நூத்துக்கு ஏழு பங்கு சுருங்கும். டாக்டரம்மா மறுக்கா கொழைச்சுப் பூசி, ராவித்தான் ஓரத்தச் சேத்தாங்க. ஒட்டினதோ கிராம்பு வாசமடிக்கற பசை. கழட்டோணும்னே இளக்கமா ஒட்டறது. எச்சில்ல அது கொஞ்சங்கொஞ்சமாக் கரைஞ்சா, அந்தச் சந்துல சோறு சக்கரையெல்லாம் பூந்து அடியில சொத்தை புடிக்கும். ரூட் கெனால் பண்ணின பல்லுக்கு நரம்பு கெடையாது, வலிச்சுக் காட்டாது. மோட்டார் சேறு தள்ளறப்பத்தான் தோட்டத்துக்காரனுக்கே சேதி தெரியும்.

மிசின்ல கடைஞ்செடுக்கற டெம்பரரி ஒண்ணு வந்திருக்குது, அது இன்னும் கொஞ்ச மாசம் தாக்குப்புடிக்கும். உன்றது கையில புடிச்ச கொழுக்கட்டை. கடிச்சுக் கடிச்சு மேல தேஞ்சு கெடக்குது. அது தேயத்தேய எதுத்த பல்லு எறங்கி வரும், பக்கத்துப் பல்லு சாயும். பொறவு நெரந்தரக் கேப்ப ஜிர்கோனியாவுல செஞ்சு குடுத்தாலும் உக்கார எடமிருக்காது. காணி கல்லு மாறினாத் தாலூக்காபீசுக்கு ஓடுவ, வாய்க்குள்ள அங்குலம் அங்குலமாப் போறது தெரியல.

நேரமில்லைங்காத. நம்ம திருச்செங்கோட்டச் சுத்தியே பல் காலேஜு ரெண்டு இருக்குது. ஒடிசாவுல ஆயிரம் அடி எறக்கறவனுக்கு எளையாம்பாளையம் தூரமாப் போச்சாக்கும்!

என்ன, ராத்திரியே வண்டி கெளம்போணுமா? கெளம்பலாம், கெளம்பலாம். நாளைக்குப் பத்தரைக்கு டாக்டரம்மா கிட்டச் சொல்லியிருக்கறேன், அதுக்குப் பொறவு. இந்தா, முறுக்குத் தின்னு. அந்தப் பக்கமாக் கடி.

சட்டைப்பையில என்ன தொழாவற? சாவியா? மத்தியானமே டிரைவர் பையன் கிட்ட வாங்கிட்டேன். என்ற மடியில பத்தரமா இருக்குது.