கைதட்டித் தேர்ந்தெடுக்கக் கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: மாடி வீட்டுக்காரி, பெரம்பூர், சென்னை.
பெறுநர்: தலைவர் அவர்கள், ஃபிஃபா, சூரிக், சுவிட்சர்லாந்து.
பொருள்: எங்கள் வீட்டுக் கூடத்தை உலகக் கோப்பை அரங்கமாக அங்கீகரிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஜியானி இன்ஃபான்டினோ ஐயா அவர்களுக்கு,

2034 உலகக் கோப்பையை சவுதி அரேபியாவுக்குக் கொடுத்த விதத்தைப் பார்த்துத்தான் எனக்கு இந்தத் துணிச்சல் வந்தது. போட்டிக்கு ஆளில்லை, வந்தது ஒரே விண்ணப்பம். 2024 டிசம்பரில் காணொலிக் கூட்டம் போட்டீர்கள், உறுப்பினர்கள் கேமராவைப் பார்த்துக் கைதட்டினார்கள், வேலை முடிந்தது. எங்கள் தெருவிலும் அதே நிலவரம்தான். மேட்ச் பார்க்க வீட்டைத் திறந்துவிடுகிறேன் என்று இன்றுவரை வேறு யாரும் வாய் திறக்கவில்லை. கைதட்ட வியாசர்பாடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் தட்டச் சொல்ல வேண்டியதில்லை, நிறுத்தச் சொல்வதுதான் கஷ்டம்.

அரங்கத்தைப் பற்றி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடம். சாமியானாக் கடையில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், மீதிப் பேருக்குப் பாய். முக்கியப் பிரமுகர்களுக்கான பகுதி ஆயாவின் கட்டில். அதில் ஆயா மட்டும்தான் உட்காருவார். கழிவறை ஒன்று. இடைவேளையில் அதன் முன்னால் நிற்கும் வரிசையைத் தாங்கள் பார்த்தால் எங்களுக்கும் ஒரு டிக்கெட் விற்கும் செயலி ஏற்பாடு செய்துவிடுவீர்கள்.

முதலில் ஒரு சட்டச் சிக்கலைத் தீர்த்து வைக்க வேண்டும். உலகக் கோப்பை ஆட்டத்தைப் பொது இடத்தில் திரையிட்டு, நுழைவுக் கட்டணம் வாங்கினாலோ விளம்பரதாரரைச் சேர்த்தாலோ அது வணிக நிகழ்ச்சி, தங்களிடம் உரிமம் வாங்க வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்குள் சொந்தபந்தத்தோடு பார்த்தால் வேண்டாமாம். எங்கள் வீட்டில் பிரியாணிக்குத் தலைக்கு நூறு ரூபாய் வாங்குகிறோம். இது கட்டணமா, மொய்யா? மச்சான் மட்டும் இதுவரை கொடுத்ததில்லை. அவர் ஒருவருக்கு இது வணிகமல்லாத நிகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாமா?

இன்னொன்று. தெருமுனைக் கடைக்காரர் இரண்டு கிரேட் பன்னீர் சோடா இலவசமாகக் கொடுத்தார், டிவிக்குக் கீழே அவர் கடைக் காலண்டரை மாட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. தங்களுக்கோ கோக கோலாவோடு பல காலத்து உறவு. 2010இல் தென்னாப்பிரிக்காவில் நெதர்லாந்து-டென்மார்க் ஆட்டத்தின்போது, ஒரு பீர் கம்பெனிக்கு மறைமுக விளம்பரம் என்று சொல்லி ஆரஞ்சு உடை உடுத்திய பெண்களை அரங்கத்திலிருந்து வெளியேற்றியதை நான் மறக்கவில்லை. எங்கள் பெரியம்மாவுக்குப் பிடித்த சேலையும் ஆரஞ்சுதான். முன்னெச்சரிக்கையாக நெதர்லாந்து ஆடும் நாளில் அவரை நீலம் கட்டச் சொல்லியிருக்கிறேன். காலண்டரை என்ன செய்வது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். அதில் முருகர் படம் இருப்பதால் கழற்ற எனக்குத் தைரியமில்லை.

இனி, இந்தக் கடிதத்தின் உயிர்நாடியான டீ விஷயத்துக்கு வருகிறேன்.

ஆட்டம் என்றால் இந்தப் பக்கம் நாற்பத்தைந்து, அந்தப் பக்கம் நாற்பத்தைந்து, நடுவே பதினைந்து. இந்தக் கணக்கை நம்பித்தான் பெரம்பூரில் அடுப்பு எரிந்தது. 2022 கத்தாரில் தாங்கள் வீணான நேரத்தையெல்லாம் கூட்டிச் சேர்க்கச் சொன்னீர்கள். இங்கிலாந்து-ஈரான் ஆட்டத்தில் இரண்டு பாதியிலும் சேர்த்து இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் கூடுதல். முதல் பாதியிலாவது ஈரான் கோல்கீப்பர் தலையில் அடிபட்டார், நியாயம். ஆனால் நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் பொங்க வைத்த பாலுக்கு அந்த நியாயம் எப்படித் தெரியும்? வரும் உலகக் கோப்பையில் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடம் தண்ணீர் குடிக்க நிறுத்தமாம். வெயிலடித்தாலும் அடிக்காவிட்டாலும், கூரை போட்ட அரங்கமானாலும் நிறுத்தம் உண்டாம். ஆட்டக்காரர் தண்ணீர் குடிக்கும்போது பார்ப்பவனுக்கு டீ கேட்கத் தோன்றும், ஐயா. அது மனித இயற்கை. அந்த மூன்று நிமிடத்தில் விளம்பரம் விற்கப் பார்ப்பவர்கள், கூடத்தில் இருக்கும் பதினைந்து பேருக்கு மூன்று நிமிடத்தில் டீ கொடுக்கும் வித்தையையும் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

அணிகள் 32 இருந்தது 48 ஆகிறது. ஆட்டங்கள் 64 இருந்தது 104. இதனால் சின்ன நாடுகளுக்கும் வாய்ப்பு வரும் என்கிறீர்கள். அதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். எங்கள் நாடு சின்ன நாடு இல்லை என்பதுதான் இடிக்கிறது. 1950இல் பிரேசிலுக்குப் போக இடம் கிடைத்தும் போகாமல் விட்டோம், அதோடு சரி. 2024 ஜூனில் தோஹாவில், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், கத்தாருக்கு எதிராக எங்கள் சாங்டே கோல் போட்டு முன்னிலையில் இருந்தோம். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது, அதை உள்ளே இழுத்து கத்தார் கோல் அடித்தது, நடுவர் கொடுத்தும் விட்டார். எங்கள் கட்டிலிலிருந்து ஆயாவுக்கே தெரிந்தது. அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். என்ற காணொலி உதவி நடுவர் கிடையாதாம். ஆஃப்சைடுக்கு ஒருத்தன் தோள்பட்டை எத்தனை அங்குலம் முன்னால் நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் கோடு போடத் தெரிந்த சபைக்கு, ஒரு பந்து வெளியே போனதைப் பார்க்க வசதியில்லை. இரண்டுக்கு ஒன்று தோற்று, வெளியே வந்தோம். அன்றைய டீ யாருக்கும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆயாவையே வி.ஏ.ஆராக நியமித்துவிட்டோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘அவன் உயுந்தது நடிப்புடா’ என்பார். மேல்முறையீடு கிடையாது. தங்களுக்கு வேண்டுமானால் தொகை பேசி அனுப்பி வைக்கலாம்.

2022 இறுதி ஆட்டத்துக்காக ஒரு நஷ்டஈட்டுக் கோரிக்கையும் உண்டு. அர்ஜென்டினா இரண்டு, பிரான்ஸ் சைபர், ஆட்டம் எண்பதாவது நிமிடத்தை நெருங்குகிறது. எந்தக் குடும்பத் தலைவியும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பிரியாணி தம் உடைக்கப் போனேன். தட்டில் முதல் கரண்டி விழுவதற்குள் எம்பாப்பே இரண்டு நிமிட இடைவெளிகூட இல்லாமல் இரண்டு கோல் அடித்துவிட்டார். நான் இரண்டையும் சத்தமாகத்தான் கேட்டேன். அதிலும் இரண்டாவது கோலை இரண்டு முறை கேட்டேன்: கீழ் வீட்டில் கேபிள், எங்களுக்கு இணையம். இணையத்தில் படம் வருவதற்குள் கீழ் வீட்டு அண்ணன் கத்தி முடித்துவிடுவார். எங்கள் கூடத்தில் இதுவரை எந்தக் கோலும் எதிர்பாராமல் விழுந்ததில்லை.

அந்த அண்ணனை விடுங்கள், அவர் மனைவி பெயரை ஒரு விருதுக்குப் பரிந்துரைக்கிறேன். 2025 டிசம்பரில் தாங்கள் புதிதாக ஓர் அமைதிப் பரிசு உண்டாக்கி, அமெரிக்க அதிபர் டிரம்ப் கழுத்தில் பதக்கம் விழப் பார்த்துக்கொண்டீர்கள். நல்லது. எங்கள் கீழ் வீட்டு அக்கா, நள்ளிரவில் தலைக்கு மேல் பதினைந்து பேர் குதித்தபோதும் நூறுக்கு போன் செய்யாதவர். மறுநாள் படியில் பார்த்து, ‘யாருமா ஜெயிச்சது?’ என்று மட்டும் கேட்டார். உலகில் இதைவிட எதை அமைதி என்பது?

தோஹாவில் ஒருமுறை தாங்கள் பேசியது நினைவிருக்கிறது. கத்தார்க்காரனாக உணர்கிறேன், அரேபியனாக உணர்கிறேன், புலம்பெயர்ந்த தொழிலாளியாக உணர்கிறேன் என்று அடுக்கினீர்கள். விடிய விடியப் பாத்திரம் கழுவுகிறவளாக உணர்வது அந்தப் பட்டியலில் இல்லை. நேரமின்மையால் விட்டுப்போயிருக்கும்.

கடைசியாக அவசரமான ஒன்று. வரும் ஜூலை 19 இறுதி ஆட்டம் நியூ ஜெர்சியில் மதியம் மூன்று மணி. எங்களுக்கு அது ராத்திரி பன்னிரண்டரை, அதாவது திங்கட்கிழமை பிறந்த பிறகு. வருகிறவர்களில் ஒருவர் பள்ளி வேன் ஓட்டுகிறார், இருவர் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். தங்கள் முத்திரையோடு ஒரு விடுப்புக் கடிதம் அனுப்பினால் பிரதி எடுத்துக்கொள்வோம். அதோடு, இறுதி ஆட்ட இடைவேளையில் முதல்முறையாகப் பாட்டுக் கச்சேரி வைக்கப்போவதாகக் கேள்வி. கச்சேரி எத்தனை நிமிடம் என்பதை ஜூலை 18க்குள் தெரிவிக்கவும். கூடுதல் பால் பாக்கெட் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும் என்பது எங்கள் பால்காரரின் விதி. அவர் அதில் யாருக்கும் விலக்கு அளிப்பதில்லை.

இப்படிக்கு,
மாடி வீட்டுக்காரி
(ஏற்பாட்டுக் குழுத் தலைவர், பொருளாளர் மற்றும் டீ)