பவர் வரவில்லை என்று கண்டறிந்த பெருமக்களுக்கு

அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தின் மேலாளர் அவர்கள் சமூகத்திற்கு, திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்துப் பிழைக்கும் அடியேன் பணிவன்புடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சனிக்கிழமை தங்கள் மையம் அருளிய ஜாப் ஷீட் என் கையில் இருக்கிறது. 'வாடிக்கையாளர் கூறிய குறை' என்ற கட்டத்தில் 'பவர் வரவில்லை' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே 'பொறியாளர் கண்டறிந்தது' என்று ஒரு கட்டம். அதிலும் 'பவர் வரவில்லை'. மூன்றாவது கட்டத்தில் 'புதியது வாங்க அறிவுறுத்தப்பட்டது'. இந்தக் கண்டுபிடிப்புக்கு ஓர் ஆய்வுக் கட்டணம். அதன் மேல் மத்திய அரசுக்கு 9 சதவீதம், மாநில அரசுக்கு 9 சதவீதம். என் சிபியு ஆன் ஆகவில்லை என்ற செய்தியில் டெல்லிக்கும் கோட்டைக்கும் பங்கு உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

கவுன்ட்டரில் இருந்த தம்பியிடம், "இதைத்தானேப்பா நான் சொல்லி எழுதிக் கொடுத்தேன்?" என்றேன். "ஆமா சார். நாங்க செக் பண்ணி கன்ஃபர்ம் பண்ணியிருக்கோம்" என்றார். சாவி தொலைந்துவிட்டது என்று பூட்டுக்காரரைக் கூப்பிட்டால், அவர் வந்து கதவைத் தள்ளிப் பார்த்து, 'கதவு பூட்டியிருக்கிறது' என்று சீட்டு எழுதிக் கொடுத்துக் காசு கேட்பதுபோல இருந்தது. பிறகு அந்தத் தம்பி பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டார். "ஏய், இங்க வாயேன், ஃப்ளாப்பி டிரைவ் பாரு!" அந்தப் பெண் வந்து கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். "மியூசியத்துக்குக் குடுத்துடுங்க சார்" என்று எனக்கு ஓர் ஆலோசனையும் கிடைத்தது. அதற்குத் தனிக் கட்டணம் போடவில்லை. தங்கள் பெருந்தன்மையை ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

இதற்கு முன்பே தங்கள் தொலைபேசிச் சேவையின் அருளும் கிட்டியிருந்தது. கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றேன். எங்கள் இணையதளத்தில் இருக்கும் டயக்னாஸ்டிக் மென்பொருளை அதே கம்ப்யூட்டரில் இறக்கி ஓட்டுங்கள் சார் என்றார்கள். பவர் வராத பெட்டியில் அதை எப்படி ஓட்டுவது என்று கேட்டேன். ஹோல்டில் போட்டு வீணை வாசித்தார்கள். வீணை நன்றாகவே இருந்தது.

புதியது வாங்கச் சொல்கிறீர்கள். வாங்கிவிடலாம். 2004-ல் வாங்கிய இந்தப் பென்டியம் 4 பெட்டியின் முதுகில், பிரின்டர் போர்ட்டில், கட்டைவிரல் அளவில் ஒரு டோங்கிள் செருகியிருக்கிறது. அந்தக் காலத்துத் தமிழ் டிடிபி மென்பொருள் அது இல்லாமல் ஓர் எழுத்துகூட அடிக்காது. உங்கள் ஷோரூம் கண்ணாடிக்குள் மினுக்கும் மடிக்கணினிகளில் அதைச் செருக ஓட்டை எங்கே? பேஜ்மேக்கரில் கட்டிய பக்கங்கள், யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள், எல்லாம் இந்தப் பெட்டிக்குள் கிடக்கின்றன. வேறு கணினியில் திறந்தால் 'ஸ்ரீ' இருந்த இடத்தில் டாலர் குறி வந்து நிற்கும். ஒரு சிற்றூர்க் கோயிலின் தலபுராண மறுபதிப்பு பாதியில் நிற்கிறது. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. தங்கள் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் தலபுராணத்தையும் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன்.

தங்கள் பொறியாளர்களுக்கு நான் பாடம் எடுக்க முடியுமா? ஆனாலும் 'பவர் வரவில்லை' என்ற மகத்தான முடிவை எட்டிய பிறகு, அதற்கு அடுத்த படி என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது. பெட்டிக்குப் பவர் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மதர்போர்டிலிருந்து கழற்றி, கரன்ட்டில் செருகி, ஊதா நிற ஒயரில் மல்டிமீட்டரை வைத்தால், பெட்டி ஆஃப் ஆகியிருந்தாலும் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் காட்ட வேண்டும். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் சேர்த்தால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறது, கோளாறு மதர்போர்டிலோ முன்பக்கப் பட்டனிலோ இருக்கலாம். பட்டன்மேல் சந்தேகமா? மதர்போர்டில் அதன் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மல்டிமீட்டரும் பேப்பர் கிளிப்பும் தங்கள் மையத்தில் இருக்கின்றனவா என்று தெரியாது. ஜாப் ஷீட்டைக் கோத்திருந்த பின் இருந்தது.

இன்னொன்று. 1999 முதல் 2007 வரையிலான காலத்து மதர்போர்டுகளிலும் எஸ்எம்பிஎஸ்களிலும் கெப்பாசிட்டர் உப்பிப் போவது தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உள்ளே ஊற்றிய எலக்ட்ரோலைட் கலவை சரியில்லாமல் வாயு கட்டி, தலை புடைத்து, சிலது பழுப்பாகக் கசிந்தும் கிடக்கும். அதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும்.

கண் வேண்டும் என்றால் மூடியைத் திறக்க வேண்டும். நீங்கள் திறக்கவே இல்லை. கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூத் தலைகளில் படிந்திருந்த தூசி நான் கொண்டுவந்தபடியே இருந்தது. திறக்காத பெட்டிக்கு ஆய்வுக் கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள். டேட்டா போனால் பொறுப்பில்லை என்று என்னிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறீர்கள், தொடாத டேட்டாவுக்கு! உழைத்துச் சம்பாதிக்கிறவன் காசு இது. வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும். நா தடித்துவிட்டது. கனம் பொருந்திய தங்கள் ஸ்தாபனத்தைப் பற்றி இப்படியெல்லாம் பேசுவது எனக்கே அடுக்காது.

'உதிரிபாகம் நிறுத்தப்பட்டுவிட்டது' என்றும் தங்கள் தம்பி சொன்னார். எந்த உதிரிபாகம் என்று கேட்டதற்கு, "பவர் சார்" என்றார். இந்தப் பெட்டியில் இருப்பது இன்டெல் 1995-ல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவு எஸ்எம்பிஎஸ். மதர்போர்டில் 20 பின் சாக்கெட். இன்று கடையில் விற்பதில் பெரும்பாலானவை 24 பின். அதில் 4 பின் தனியாகக் கழன்றுவரும், மிச்சம் 20 இதில் அப்படியே உட்காரும். பென்டியம் 4 கேட்கும் 12 வோல்ட் இணைப்பும் அதிலேயே தொங்கும். பவரையே நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி மின்வாரியத்துக்குத் தெரியுமா?

ரிச்சி தெருவில், மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவருக்கு அங்கீகாரம் கிடையாது, ஏசி கிடையாது, வீணையும் கிடையாது. ஃப்ளாப்பி டிரைவைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி ஊதா ஒயரைப் பார்த்தார். "ஸ்டாண்ட்பை இறங்கிடுச்சுண்ணா" என்றார். கரன்ட்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், கை வைக்காதீர்கள் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அதை இறக்கிய பிறகுதான் போர்டைத் தொட்டார். வீட்டில் நாமே எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்துப் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான். இதற்காகத்தான் ஐயா உங்களைத் தேடி வருகிறோம்.

உப்பியிருந்த சின்ன கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டு, சில ரூபாய் விலையுள்ள புதியவற்றைப் பற்றவைத்தார். மதர்போர்டில் மாட்டுவதற்கு முன் மஞ்சள் ஒயரை அளந்து பார்த்தார். 12 வோல்ட் என்றால் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்றார். நின்றது. போர்டில் செத்துக் கிடந்த சிஆர்2032 செல்லையும் மாற்றினார். பட்டனை அழுத்தியதும் ஒரு பீப், பிறகு எக்ஸ்பி. டோங்கிளை அடையாளம் கண்டுகொண்டது. தலபுராணம் திறந்தது. 'ஸ்ரீ' இருந்த இடத்தில் 'ஸ்ரீ' இருந்தது.

அவர் ஜாப் ஷீட் தரவில்லை. தந்திருந்தால் இரண்டு கட்டங்களிலும் வேறு வேறு வாக்கியங்கள் இருந்திருக்கும். தங்களைப் போன்ற ஆராய்ச்சி மனப்பான்மை அவருக்கு வாய்க்கவில்லை.

அன்று இரவே 'தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, 1 முதல் 5 நட்சத்திரம் வரை அளிக்கவும்' என்று தங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. பூஜ்யம் போட அதில் இடம் இல்லை.

ஆகவே சமூகத்திற்கு என் வேண்டுகோள் இவ்வளவே. ஆய்வுக் கட்டணத்தை வரியோடு சேர்த்துத் திருப்பித் தாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என் கைபேசியில் ஏறியிருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்கென்றே மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு தளமும் தொடங்கியிருக்கிறது. இனி வருகிறவர்களிடமாவது மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் வாங்குங்கள். திறக்க மனமில்லை என்றால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ரிச்சி தெருவுக்கு அங்கிருந்தே ஆட்டோ கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளராக இருந்த ஒருவன்