நீட்டினால் நிமிருமா?

கேள்வி: பழைய போர்ப் படங்களை 'டைரக்டர்ஸ் கட்' என்று நீட்டி மறுபடி வெளியிடுகிறார்களே, படம் மேம்படுகிறதா?

பதில்: படத்தைப் பொறுத்தது. 1981-ல் இரண்டரை மணி நேரம் ஓடிய ஜெர்மானியப் படம் 'தாஸ் போட்'டை, 1997-ல் வோல்ஃப்காங் பீட்டர்சன் ஏறக்குறைய மூன்றரை மணி நேரமாக்கினார். நீர்மூழ்கிக் கப்பலில் அடைபட்ட மாலுமிகளின் அலுப்பும் புழுக்கமும் அந்த நீளத்தில்தான் நம் மீதும் ஒட்டுகின்றன. லாபம்!

கொப்போலாவின் 'அபோகலிப்ஸ் நவ்' வேறு ரகம். 2001-ல் 49 நிமிடம் சேர்த்தார். கதையில் கர்னல் கர்ட்ஸ் என்பவரைக் கொல்லப் போன படகு, வழியில் பிரெஞ்சுக்காரர் தோட்டத்தில் விருந்துக்கு உட்கார்ந்துவிட்டது. (சாப்பாட்டோடு அரசியல் பிரசங்கமும் உண்டு.) 2019-ல் அவரே மறுபடி கத்தரி எடுத்தார், தோட்டத்தையும் கொஞ்சம் நறுக்கினார், ஆனால் முழுதாகத் தூக்கவில்லை. நீங்கள் முதலில் வந்த 1979 பதிப்பையே பாருங்கள்.