செயற்கை நடுக்கம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல், அடிப்படையான எட்டுக்கு அப்பால் இன்னும் 32 மெய்ப்பாடுகளை அடுக்குகிறது. அந்த வரிசையில் கடைசி உருப்படி ‘நடுக்கு’. அது கேமராவுக்கும் வரும், வராவிட்டால் கூலிக்கு வரவழைக்கலாம் என்பது பிற்காலத்து வளர்ச்சி.

இத்துறையில் இரு கட்சிகள். ஆட்டம் ஆகாது என்பது ஒன்று. காரெட் பிரவுன் உண்டாக்கிய ஸ்டெடிகேம் அவர்களுடையது. 1976இல் ‘ராக்கி’ நாயகன் பிலடெல்பியா படிக்கட்டில் ஓடி ஏற, கேமரா அலுங்காமல் பின்தொடர்ந்தது. 2011இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் வார்ப் ஸ்டெபிலைசர் சேர்ந்ததும் அந்த வித்தை மேஜைக்கே வந்துவிட்டது. ஆட்டமே உயிர் என்பது மறுகட்சி. 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் விண்கலத்துக்கு அடி விழுந்தால் கேமராவைச் சாய்ப்பார்கள். நடிகர்கள் நாற்காலியிலிருந்து தாங்களே சரிந்துகொள்வார்கள். சிக்கனமான பூகம்பம்.

என்னைப் போன்ற கல்யாண வீடியோ எடிட்டரிடம் இரண்டு கட்சி உறுப்பினர் அட்டையும் இருக்கும். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும் நாலு வினாடியை எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டே எடுத்தது, கன்னாபின்னாவென்று ஆடியது. ஸ்டெபிலைசர் போட்டு அடக்கினேன். மாப்பிள்ளையின் அண்ணன் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா மாஸ் இல்லையே, கொஞ்சம் ஆட்டி விடுங்க.”

அதே மென்பொருளில் ஆட்டும் மந்திரம் ‘விக்கிள்’. அடைப்புக்குள் 5, 30 என்று கொடுத்தால் வினாடிக்கு 5 முறை, 30 பிக்சல் வரை படம் அலையும். முதல் எண்ணை 1 ஆக்கினால் தோணியில் உட்கார்ந்து எடுத்தது போலிருக்கும். 20 ஆக்கினால் ஓடுகிற மிக்ஸி மேல் வைத்து எடுத்தது போல. படம் விலகினால் கறுப்பு ஓரம் எட்டிப் பார்க்கும். 1080 உயரத்தில் மேலே 30, கீழே 30 மறைய 106 சதவீதம் பெரிதாக்கினால் போதும். 110 வைப்பது தொழில்பயம். இடம் மட்டும் நகர்ந்தால் போஸ்டரைப் பிடித்து உலுக்கியது போலத் தெரியும். மனிதக் கை நகர்வதோடு திருகவும் செய்யும் என்பதால் அரை டிகிரி சுழற்சியும் வேண்டும். பிறகு அசைவை மங்கலாக்கும் மோஷன் பிளர். மாப்பிள்ளையின் ஷூ தரையைத் தொடும் ஃபிரேமில் ஆட்டம் உச்சம், 12 ஃபிரேமில் அடக்கம்.

அண்ணனுக்கு அப்போதும் திருப்தியில்லை. “கம்ப்யூட்டர்ல பண்ணின மாதிரி இருக்கே.”

சோதனைக்காக விக்கிளை அணைத்தேன். ஸ்டெபிலைசரையும் அணைத்தேன். கேமராக்காரர் ஓடி எடுத்தது அப்படியே ஓடியது.

“இது! இதைத்தான் தம்பி நான் கேட்டேன்.”

பில்லில் ஆட்டம் நீக்கியதற்கு ஒரு வரி, ஆட்டம் சேர்த்ததற்கு ஒரு வரி. இரண்டையும் அடிக்கவில்லை.