வீட்டுக்குப் போட்டுக்கலாம்

"நல்லாத்தாம்மா இருக்கு. வீட்டுக்குப் போட்டுக்கலாம்."

முந்தாநாள் காலை என் மகள் வழங்கிய தீர்ப்பு இது. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்து பெட்டியை இறக்கி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் மகளுக்காக நான் ஒன்பது நாள் குனிந்து தைத்த சட்டையை, சொத்தைக் கத்திரிக்காயைப் பொறுக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கினாள். பார்த்தாள். சொன்னாள். காப்பி கேட்டாள்.

'வீட்டுக்குப் போட்டுக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் யாரையாவது பார்த்துச் சொல்லியிருப்பீர்கள். நானே சொல்லியிருக்கிறேன், என் நாத்தனார் காசியிலிருந்து வாங்கிவந்த புடவையைப் பார்த்து. ஆனால் அது உண்மை. அதற்கு அடுத்த படி 'நைட்டுக்குப் போட்டுக்கலாம்'. அதற்கும் அடுத்தது கரித்துணி. என் சட்டை பிறந்து மூன்று நாளில் முதல் படி இறங்கிவிட்டது.

போகட்டும். நான் சண்டை போட வரவில்லை. வெயிலுக்குக் கையில்லாத சட்டை தைக்கும்போது கழுத்து இளிக்காமல் இருக்க ஒரு சூட்சுமம் உண்டு. முப்பது வருஷம் தைத்துத் தைத்துப் பிரித்து நானே கண்டுபிடித்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் துணி. மே 4 ஆனால் கத்திரி தொடங்கிவிடும். மதுரையில் அதற்கு ஒரு மாதம் முன்பே ஒத்திகை நடக்கும். அந்த வெயிலுக்கு சுங்குடியை விட்டால் வேறு துணி கிடையாது. துணியை இணுக்கு இணுக்காகக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபிறகு முடிச்சை அவிழ்த்தால் அந்த இடமெல்லாம் புள்ளி. 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய புள்ளி. "என்னம்மா, ஒரு புள்ளி பெரிசு ஒரு புள்ளி சிறிசா இருக்கு?" என்றாள் மகள். கையால் கட்டினால் அப்படித்தான் இருக்கும். அச்சடித்த சுங்குடியில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. அது இவளுக்கு ஒசத்தி.

ஆறு வயசுக்கு மார்பு 24 அங்குலம், உயரம் 18. ஒரு மீட்டர் தாராளம். ஒன்றரை வாங்கினேன். அந்த அரை மீட்டர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்குத் தையல் தெரியாது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, சுருங்குகிற மட்டும் சுருங்கட்டும் என்று விட்டுத்தான் கத்திரிக்கோலைக் கையில் எடுத்தேன். அது வெட்டவில்லை. காலையில் என் வீட்டுக்காரர் அதால் பால் பாக்கெட் வெட்டியிருக்கிறார். இதைப் பற்றி இங்கே எழுதினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

கழுத்துக்கு வருகிறேன். கழுத்துக்குப் பைப்பிங் வேண்டும். பைப்பிங்குக்குத் துணியின் பச்சையோடு சேருகிற பச்சை வேண்டும். அதற்குத்தான் மேட்சிங் சென்டர் போனேன்.

"பச்சை குடுப்பா" என்றேன். இது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. "எந்தப் பச்சைம்மா?" என்றான் பையன். கிளிப்பச்சை இருக்கிறது, பாசிப்பச்சை இருக்கிறது, இலைப்பச்சை, ராமர் பச்சை, மயில் பச்சை, பாட்டில் கிரீன், பிஸ்தா, மெஹந்தி. ராமருக்கும் மயிலுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதற்குப் பேர் கிடையாது; என் துணி அந்த ஜாதி. பையன் சளைக்கவில்லை. அலமாரியிலிருந்து பதினோரு கட்டை உருவிக் கண்ணாடிமேல் உருட்டினான். பதினொன்றும் பச்சை. பதினொன்றும் என் துணியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன, கல்யாண வீட்டில் பங்காளிகள் மாதிரி.

அப்புறம் அந்த வசனம் வந்தது. "வெளிய வெளிச்சத்துல வச்சுப் பாருங்கம்மா."

கடை விளக்குக்கு ஒரு பச்சை, சூரியனுக்கு ஒரு பச்சை. ஆகவே மதுரையில் எந்த மேட்சிங் சென்டர் வாசலிலும், பகல் பதினொன்றரை வெயிலில், கையில் துண்டுத் துணியோடு நாலு பெண்கள் கண்ணைச் சுருக்கி நிற்பார்கள். கிரகணம் பார்க்க வந்த கூட்டம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக்கூடும். நான் போய் ஐந்தாவதாக நின்றேன். துணியோடு ஓடிவிடுவேனோ என்று பையனும் கூட வந்து நின்றான். பக்கத்தில் நின்ற அம்மாள் கையில் ஒரு வாடாமல்லி ஜாக்கெட் பிட். "இது சேருதாங்க?" என்றாள். "ஒரு நூல் கம்மியா இருக்கு" என்றேன். "உங்களுது ஒரு நூல் ஜாஸ்தி" என்றாள். ஐந்து நிமிஷத்தில் அவள் மருமகளுக்கு வளைகாப்பு என்பதுவரை தெரிந்துவிட்டது. பச்சை மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த கடை. அதற்கடுத்த கடை. ஒரு கடையில் சேர்ந்தது. வெளியே கொண்டுவந்தும் சேர்ந்தது. ஆனந்தத்தோடு, அதற்கேற்ற நூல்கண்டும் வாங்கி, வீட்டுக்கு வந்து எங்கள் ட்யூப் லைட்டில் பிரித்தேன். இரண்டும் ஒன்றையொன்று முன்பின் பார்த்ததே இல்லை. சூரியன், கடை விளக்கு, வீட்டு விளக்கு, மூன்றுக்கும் பொதுவான பச்சை என்று ஒன்று உண்டா என்று பார்க்க மறுநாள் திரும்பப் போனேன். அதற்கு மறுநாளும். இப்படி என்னிடம் மூன்று நூல்கண்டுகள். "பச்சைன்னா பச்சைதானே" என்றார் வீட்டுக்காரர், பால் பாக்கெட் வெட்டியவர்.

கடைசியில் என்ன செய்தேன்? அரக்கு வைத்தேன். பச்சைக்கு அரக்கு எப்போதும் எடுக்கும். முதல் நாளே எடுத்திருக்கும்.

சரி, கழுத்து. பைப்பிங் பட்டியைத் துணியில் குறுக்காக, கிராஸில் வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் வளைவில் திரும்பாது. பட்டியைக் கழுத்தோடு வைத்துத் தைக்கும்போதுதான் சூட்சுமமே. நான் தைத்தேன். பாபின் தீர்ந்தது தெரியாமல் அரைக் கழுத்துக்கு வெறும் ஓட்டை போட்டேன். மறுபடி தைத்தேன். வளைவு திரும்ப உள்ளே கொஞ்சம் நறுக்கிவிடுவோமே, அப்போது கத்திரிக்கோல் தையலைத் தாண்டி நெஞ்சுவரை போய்விட்டது. பால் பாக்கெட் வெட்டியபிறகு துணியை வெட்டவே மாட்டேன் என்ற அதே கத்திரிக்கோல்.

ஓட்டையை மூட ஒரு பூ போட்டேன். லேசி டேசி, ஐந்து இதழ். ஒற்றைப் பூ தனியாக நின்று ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது. மூன்றாக்கினேன். மூன்றும் இடப்பக்கமே சாய்ந்ததால் வலப்பக்கம் இரண்டு. பூ ஆகாயத்தில் நிற்குமா? காம்பு. காம்பு கோணியது, கோணலை மறைக்க இலை. உலகத்தில் இருக்கிற எம்ப்ராய்டரி எல்லாம் இப்படித்தான் பிறந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம். ராத்திரி பதினோரு மணிக்கு ஐந்தாவது பூவில் நாலாவது இதழோடு நூல் தீர்ந்தது. யார் எண்ணப் போகிறார்கள் என்று முடிச்சுப் போட்டுப் படுத்துவிட்டேன்.

எனக்குச் சின்ன வயசில் கவுன் என்றால் அப்பா புதுமண்டபத்துக்குத்தான் கூட்டிப்போவார். திருமலை நாயக்கர் கட்டிய தூண்களுக்கு நடுவே வரிசையாக மிஷின் ஓடும். டெய்லர் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்ப்பார். டேப் அவர் கழுத்துக்கு மாலை, அவ்வளவுதான். "சாமி கும்பிட்டுட்டு வாங்க" என்பார். மீனாட்சியைப் பார்த்துவிட்டு வந்தால் கவுன் தயார். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அந்த மண்டபம் கட்டி நானூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அதற்குப் பேர் 'புது'மண்டபம்தான். என் சட்டைக்கு மூன்றே நாள், அதற்குள் வீட்டுக்குப் போட்டுக்கலாமாம்.

பேத்தி போட்டுக்கொண்டாள். வீட்டுக்குத்தான். நேற்று சாயங்காலம் என் மடியில் உட்கார்ந்து நெஞ்சைக் குனிந்து பார்த்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"அம்மாச்சி, இந்தப் பூவுக்கு நாலுதான் இருக்கு."

"அந்த ஒண்ணைப் பூச்சி தின்னுருச்சு கண்ணு."

யோசித்தாள். "பூச்சி எங்க?"

"பறந்து போயிருச்சு."

"இல்ல, இங்கதான் இருக்கணும். நீ தைச்சு வை."

"சரி, என்ன கலர்ல தைக்க?"

"பச்சை."

"பச்சைமேல பச்சை வச்சாத் தெரியாதேடா."

"அது ஒளிஞ்சிருக்கு அம்மாச்சி. கொஞ்சமாத்தான் தெரியணும்."

டப்பாவைத் திறந்தேன். மூன்று நூல்கண்டும் அப்படியே இருந்தன.